திருமலையில் ஆற்றலின் வடிவங்களும் அவற்றின் அளவும்

1. வரையறை

வேலை செய்யும் தகுதியே ஆற்றல். 1 நியூட்டன் விசை, தான் செயற்படும் திசையில் ஒரு பொருளை 1 மீட்டர் நகர்த்தினால் நிகழும் வேலை 1 ஜூல். வேலை நடைபெறும் வீதம் திறன். வினாடிக்கு 1 ஜூல் என்பது 1 வாட். ஆற்றலையும் திறனையும் ஒன்றெனக் கொள்வது பரவலான பிழை. 1,000 வாட் திறன் ஒரு மணி நேரம் செயற்பட்டால் செலவாகும் 36,00,000 ஜூலே மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட்.

2. நிலை ஆற்றல்

ஒரு பொருள் தன் இருப்பிடத்தால் பெறுவது நிலை ஆற்றல். திருப்பதிக்கும் திருமலைக்கும் உள்ள உயர வேறுபாட்டை 700 மீட்டர் எனக் கொள்வோம். 60 கிலோ நிறையுள்ள அடியவரின் எடை 588 நியூட்டன். மலை சேர்ந்ததும் அவர் பெற்றிருப்பது 4,11,600 ஜூல். இது ஒரு யூனிட்டில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அலிபிரிப் படிகளில் நடந்தாலும் மலைச்சாலையில் பேருந்தில் சென்றாலும் இவ்வளவில் மாற்றமில்லை. தொடக்க, முடிவு உயரங்களே இதைத் தீர்மானிக்கின்றன, பாதை தீர்மானிப்பதில்லை.

பாதையும் முறையும் மாற்றுவது செலவை. நடப்பவர் உணவின் வேதி ஆற்றலைச் செலவிடுகிறார். தசைகள் அதில் ஏறத்தாழக் கால் பங்கையே வேலையாக்குகின்றன. ஆகவே சுமார் 400 கிலோ கலோரி தேவை. எஞ்சியது உடல் வெப்பமாகி வியர்வையோடு வெளியேறுகிறது.

3. கதிர் ஆற்றலும் வெப்பமும்

திருமலை அன்னதானச் சமையலுக்காக 2002 இல் சூரிய நீராவி அமைப்பு நிறுவப்பட்டது. ஒவ்வொன்றும் 9.2 சதுர மீட்டர் கொண்ட 106 குவியாடிகள் கதிரவனைத் தொடர்ந்து திரும்பி, ஒளியை ஏற்பிகளில் குவிக்கும். கதிர் ஆற்றல் அங்கே வெப்பமாகிறது. நாளொன்றுக்கு 4,000 கிலோ நீராவி, 180 பாகை செல்சியசில், என்பது அதன் வடிவமைப்பு அளவு.

இவ்வெப்பம் இரு வகைப்படும். நீரின் வெப்பநிலையை உயர்த்துவது உணர் வெப்பம். வெப்பநிலை மாறாமல் நீரை ஆவியாக்குவது உள்ளுறை வெப்பம். 30 பாகை நீரிலிருந்து தொடங்கினால் கிலோவுக்கு முன்னது சுமார் 640 கிலோ ஜூல், பின்னது 2,010. அரிசியை வேகவைப்பதில் பெரும்பங்கு, ஆவி மீண்டும் நீராகும்போது விடுபடும் உள்ளுறை வெப்பத்துக்கே உரியது.

4. ஒப்பீடு

ஒரு நாளின் 4,000 கிலோ நீராவி பெறும் மொத்த வெப்பம் சுமார் 1,060 கோடி ஜூல், அதாவது 2,940 யூனிட். அளவில் இது ஏறத்தாழ 25,700 அடியவர்கள் பெறும் நிலை ஆற்றலுக்கு ஈடு. ஆயினும் அந்த வெப்பத்தைக் கொண்டு அத்தனை பேரையும் மலையேற்ற முடியாது: 180 பாகை நீராவிக்கும் 30 பாகைச் சூழலுக்கும் இடையே இயங்கும் எந்த எந்திரமும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற இயலாது.