300 என்று பொறிக்கப்பட்ட சில்லு: ஓவர்கிளாக்கிங் வரலாற்றிலிருந்து



புதுக் கணினி வாங்கச் செல்லும் பிள்ளைகள் கடைக்காரரிடம், "இந்தத் தாய்ப்பலகையில் ஓவர்கிளாக் செய்ய முடியுமா?" என்று கேட்பதைப் பெற்றோர் பலரும் கேட்டிருப்பீர்கள். செயலியையோ நினைவகத்தையோ உற்பத்தியாளர் குறித்த வேகத்திற்கு மேல் ஓடச் செய்வதற்கே அந்தப் பெயர். இதை விளையாட்டுப் பிள்ளைகளின் வீண் வேலை என்று ஒதுக்குவோர் உளர். பணத்தை மிச்சப்படுத்தும் கெட்டிக்காரத்தனம் என்று போற்றுவோரும் உளர். இரு சாராரும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. சில்லின் மீது பொறிக்கப்பட்ட வேகத்தை யார், எதைக் கொண்டு முடிவு செய்தார்? அந்த எண்ணைக் கடந்து சென்றபின் கணினி சரியாகத்தான் இயங்குகிறது என்பதை எப்படி அறிவது? நாற்பதாண்டு வரலாறு இக்கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது.

1984ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐபிஎம் நிறுவனம் பிசி ஏடி என்னும் கணினியை வெளியிட்டது. அதிலிருந்த 80286 செயலி 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அவ்வேகத்தைத் தந்தது பலகையில் செருகப்பட்டிருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகம். அதன் துடிப்பைச் செயலி இரண்டாக வகுத்துக்கொள்ளும். அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் வேகம் 8 ஆகும். சில வெள்ளி மதிப்புள்ள ஒரு சிறு பொருளால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம்! செய்தி பரவியது. ஐபிஎம் நிறுவனமோ பின்னர் வெளியிட்ட பயாஸ் நிரலில், கணினி குறித்த வேகத்தைவிட விரைந்து ஓடினால் தொடங்க மறுக்கும்படி ஒரு சோதனையைச் சேர்த்தது. 1986இல் அதே நிறுவனம் 8 மெகாஹெர்ட்ஸ் ஏடி கணினியைத் தானே விற்றது. தொழில்நுட்பத்தால் இயலாதது, வணிகத்தால் கூடாதது ஆகிய இரண்டும் வேறு வேறு என்பதைப் பயனர்கள் அன்றே கண்டுகொண்டனர்.

(அக்காலக் கணினிப் பெட்டிகளில் 'டர்போ' என்றொரு பொத்தான் இருந்ததை நம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். பெயர் என்னவோ வேகத்தைக் குறிப்பது. அதன் உண்மைப் பயனோ கணினியை மெதுவாக்குவது. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை நம்பி எழுதப்பட்ட பழைய விளையாட்டுகள் புதிய கணினிகளில் தலைதெறிக்க ஓடியதால் அது தேவைப்பட்டது.)

சில்லுகளுக்கு வேகம் குறிக்கப்படும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே சிலிக்கன் வட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள் யாவும் ஒரே திறனுடையன அல்ல. ஒவ்வொன்றையும் சோதித்து, வெப்பம் கூடினாலும் மின்னழுத்தம் சற்றுத் தளர்ந்தாலும் பிழையின்றி ஓடும் வேகத்தைக் கண்டறிந்து தரம் பிரிப்பார்கள். ஆனால், உற்பத்தி முறை முதிர்ச்சியடையும்போது பெரும்பாலான சில்லுகள் உயர்ந்த வேகத்திலேயே தேறிவிடும். சந்தையோ மலிவான சில்லுகளைக் கேட்கும். அப்போது உயர்தரச் சில்லுக்கும் தாழ்ந்த எண்ணே பொறிக்கப்படும். வகுப்பில் உள்ள இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பிள்ளைகளை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரித்த காலத்தைக் கண்ட ஆசிரியர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இந்த இடைவெளியை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களுள் மோசடிக்காரர்களும் அடங்குவர். 1990களில் பென்டியம் சில்லுகளின் மேற்பரப்பைச் சுரண்டி, உயர்ந்த எண்ணைப் பொறித்து விற்ற கும்பல்கள் பல நாடுகளில் இருந்தன. இன்டெல் நிறுவனம் தன் செயலிகளின் பெருக்கி எண்ணைப் பூட்டத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். செயலியின் வேகம் என்பது தாய்ப்பலகையின் அடிப்படைத் துடிப்பை இந்தப் பெருக்கி எண்ணால் பெருக்கக் கிடைப்பது. பெருக்கியைப் பூட்டியாயிற்று, எஞ்சியது அடிப்படைத் துடிப்பு மட்டுமே. அது தாய்ப்பலகையின் கையில் இருந்தது.

இப்படித்தான் 1998ஆம் ஆண்டின் புகழ்பெற்ற நிகழ்வு உருவாயிற்று. ஆகஸ்டு 24ஆம் நாள் இன்டெல் ஒருங்கே வெளியிட்ட செயலிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று பென்டியம் II 450. மொத்தமாக வாங்குவோருக்கு 669 அமெரிக்க டாலர். மற்றொன்று செலரான் 300ஏ, 149 டாலர். செலரானின் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 4.5, ஆகவே 300. ஆனால், அவ்வாண்டு வெளிவந்த 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி கொண்ட தாய்ப்பலகைகள் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தாங்கக்கூடியவை. நூற்றை 4.5ஆல் பெருக்கிப் பாருங்கள். 450!

எல்லாச் சில்லும் அவ்வேகத்தை எட்டவில்லை. ஆயினும் வியப்பூட்டும் அளவுக்குப் பல எட்டின. காரணம் மாயமன்று. பென்டியம் II செயலியில் 512 கிலோபைட் கேஷ் நினைவகம் தனிச் சில்லுகளாக அருகில் அமர்ந்து பாதி வேகத்தில் ஓடியது. செலரான் 300ஏயில் 128 கிலோபைட்டே இருந்தது; ஆனால், அது செயலியின் அதே சிலிக்கனுக்குள் முழு வேகத்தில் ஓடியது. தனிச் சில்லு என்னும் தடை நீங்கியதால் செலரான் மேலேற முடிந்தது. ஏறியபின் பல பணிகளில் விலையுயர்ந்த உறவினருக்கு ஈடுகொடுக்கவும் முடிந்தது.

தைவானின் அபிட் நிறுவனம் தயாரித்த பிஎச்6 தாய்ப்பலகை அப்போது பெயர் பெற்றது. அதற்கு முன்பெல்லாம் துடிப்பை மாற்றப் பெட்டியைத் திறந்து ஜம்பர்களை இடம்மாற்ற வேண்டும். அபிட் பலகைகளில் 'சாஃப்ட்மெனு' என்னும் பயாஸ் பக்கத்திலேயே துடிப்பையும் மின்னழுத்தத்தையும் தேர்ந்துகொள்ளலாம். 2.0 வோல்ட் என்பதைச் சற்று உயர்த்தித் தந்தால் தயங்கி நின்ற செயலிகள் சில நிலைபெற்றன. இத்தகைய வசதியில்லாப் பலகை வைத்திருந்தவர்கள் செயலியின் விளிம்பிலுள்ள பி21 என்ற ஒற்றைத் தொடுமுனையின் மீது சிறு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டி, இது 100 மெகாஹெர்ட்ஸ் செயலி என்று பலகையை நம்பவைத்தனர்.

நம் நாட்டிற்கும் இக்கதையில் ஓர் இடமுண்டு. இன்டெல் நிறுவனம் 1972இல் பினாங்கில் ஆலை திறந்தது. வேற்றிடங்களில் உருவான சிலிக்கன் அங்கே பொருத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டது. அங்கிருந்து சென்ற செயலிகளில் 'மலாய்' என்றும், கோஸ்டாரிக்காவிலிருந்து சென்றவற்றில் அந்நாட்டின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த ஆர்வலர்கள் எந்தப் பொறிப்புள்ள செலரான் கூடுதல் வேகம் தாங்கும் என்று ஓயாமல் விவாதித்தனர். என் கருத்தில் அந்த விவாதம் பெரும்பாலும் சோதிடம் போன்றதே. ஆயினும் பாயான் லெப்பாஸில் வேலை பார்த்தவர்களின் கைபட்ட சில்லுகளை உலகின் மறுகோடியில் ஒருவர் தேடித் தேடி வாங்கினார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இனி நினைவகத்திற்கு வருவோம். செலரான் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இதுதான். அடிப்படைத் துடிப்பு உயரும்போது செயலி மட்டும் விரைவதில்லை. நினைவகமும் சேர்ந்தே விரைகிறது. 66 மெகாஹெர்ட்ஸ் காலத்து நினைவகத் தகடுகள் பல 100இல் தடுமாறின. பிசி100 என்னும் தரத்திற்கேற்ற தகடு வேண்டியிருந்தது. வேறொரு விந்தையும் உண்டு. 66க்கும் 100க்கும் இடைப்பட்ட 83 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு, பார்வைக்குப் பாதுகாப்பான நடுவழியாகத் தோன்றும். ஆனால், அதில் வன்தட்டை இயக்கும் பிசிஐ தடம் 33க்குப் பதில் 41.5 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. நூறில் மூன்றாக வகுத்ததும் சரியாக 33 வந்துவிடும். ஆகவே, சிறிய தாவலே வன்தட்டின் கோப்புகளுக்குப் பெரிய தாவலைவிட ஆபத்தாக முடிந்தது.

நினைவகத்தின் அடிப்படை அலகை வடிவமைத்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்ட். காப்புரிமை 1968இல் வழங்கப்பட்டது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவே. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையேல் 0. ஆனால், அது ஓட்டைப் பாத்திரம்; ஊற்றியது ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆதலால் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை படித்து மீண்டும் நிரப்ப வேண்டும்.

படிக்கும் முறையை வகுப்பறையைக் கொண்டு சொல்கிறேன். ஆசிரியர் முதலில் ஒரு வரிசை மாணவர் முழுவதையும் எழுந்து நிற்கச் சொல்கிறார். அவர்கள் எழுந்து நிலைகொள்ளச் சிறிது நேரம். பிறகு அவ்வரிசையில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். விடை வரச் சிறிது நேரம். அடுத்த வரிசையை எழுப்புமுன் இவர்கள் அமர வேண்டும். அதற்கும் சிறிது நேரம். நினைவகத் தகட்டில் 2-2-2-5 என்றோ 16-18-18-36 என்றோ காணப்படும் எண்கள் இந்தக் காத்திருப்புகளையே துடிப்புக் கணக்கில் குறிக்கின்றன. விடைக்கான காத்திருப்பே முதலெண்; அதைச் 'சிஎல்' என்பர். வரிசை எழுந்து நிலைகொள்வதற்கு இரண்டாவது எண், அமர்வதற்கு மூன்றாவது, ஒரு வரிசை குறைந்தது எவ்வளவு நேரம் நின்றாக வேண்டும் என்பதற்கு நான்காவது.

இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1998இன் பிசி100 தகட்டில் சிஎல் 2 என்பது 20 நானோவிநாடி. 2003ஆம் ஆண்டளவில் ஆர்வலர்கள் போற்றிய டிடிஆர்-400 தகட்டில் சிஎல் 2 என்பது 10 நானோவிநாடி. டிடிஆர்4-3200இல் சிஎல் 16, அதுவும் 10. டிடிஆர்5-6000இல் சிஎல் 30, அதுவும் 10! துடிப்பு எத்தனையோ மடங்கு பெருகியும் மின்தேக்கியைத் திறந்து படிக்கும் நேரம் இருபதாண்டுகளாக ஏறத்தாழ அங்கேயே நிற்கிறது. பெட்டியின் மீதுள்ள பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

காத்திருப்பைக் குறைத்தால் என்ன ஆகும்? கணினி அறவே தொடங்காவிட்டால் கவலையில்லை. பழைய அமைப்புக்குத் திரும்பிவிடலாம். மாணவர் எழுந்து நிலைகொள்ளுமுன் விடை கேட்டால் பெரும்பாலும் சரியாகவும் எப்போதாவது தவறாகவும் விடை வரும். அந்தத் தவறான விடை தன்னைத் தவறு என்று அறிவித்துக்கொள்ளாது. ஓர் எழுத்து மாறிய கோப்பு அப்படியே சேமிக்கப்படும். மூன்று மாதம் கழித்துத் தேர்வு மதிப்பெண் பட்டியலைத் திறக்கும்போதுதான் தெரியவரும். வீட்டுக் கணினி நினைவகங்களில் பெரும்பாலும் பிழைதிருத்தும் வசதி கிடையாது.

எனவே, ஓவர்கிளாக்கிங் வரலாற்றில் சோதனை நிரல்களுக்குத்தான் நான் முதலிடம் தருவேன். கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86, பல்வேறு வடிவங்களை நினைவகம் முழுவதிலும் எழுதித் திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. 1996இல் மாபெரும் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய திட்டத்தின் பிரைம்95 நிரலில், விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளை மணிக்கணக்கில் போடவைக்கும் கடுஞ்சோதனை ஒன்றுண்டு. கணிதத்திற்காக எழுதப்பட்டது கணினிக்குத் தேர்வுத்தாள் ஆயிற்று. ஓரிரவு முழுதும் இவற்றை ஓட்டி ஒரு பிழையும் வராதபோதுதான் ஆர்வலர்கள் 'நிலையானது' என்ற சொல்லைப் பயன்படுத்தினர். நம் போன்ற வெப்ப நாட்டில் இரவுச் சோதனை மட்டும் போதாது என்பேன். வெப்பம் கூடக் கூட மின்தேக்கி விரைந்து ஒழுகும். டிடிஆர்4 தரத்திலேயே 85 பாகை செல்சியசுக்கு மேல் இருமடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்ற விதி உண்டு. குளிரூட்டியில்லாத அறையில் நண்பகலில் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

சோதிக்காதவர்களின் கதையும் பதிவாகியுள்ளது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2005இல் எழுதிய குறிப்பு ஒன்று: பயனர்களிடமிருந்து வந்த செயலிழப்பு அறிக்கைகளை ஆராய்ந்தபோது, நினைவகத்தைத் தொடவே தொடாத, ஓர் எண்ணைச் சுழியமாக்கும் கட்டளையில் நிரல் விழுந்திருந்தது. அது விழவே முடியாத இடம். விசாரித்ததில், அக்கணினிகள் மிகைவேகத்தில் ஓடியவை என்று தெரியவந்தது. அவர்களுள் சிலர் தாமாக அவ்வாறு செய்யவில்லை. விற்ற சிறு கடையே சொல்லாமல் செய்திருந்தது. பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. மகன் செய்வதாவது நமக்குத் தெரியும்.

அபிட் நிறுவனம் 2008ஆம் ஆண்டின் இறுதியோடு தாய்ப்பலகைத் தொழிலை விட்டது. அதற்குள் அது காட்டிய வழியை எல்லாரும் பின்பற்றத் தொடங்கியிருந்தனர். 2007இல் இன்டெல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி, 2022இல் ஏஎம்டி கொண்டுவந்த எக்ஸ்போ ஆகியவற்றில் நினைவகத்தின் மிகைவேக அமைப்புகள் தகட்டிலேயே எழுதப்பட்டு வருகின்றன. பயாஸில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். செயலிகளோ தம் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. ஒரு காலத்தில் பயனருக்கு மிஞ்சியிருந்த இடைவெளியை இன்று ஆலையே எடுத்துக்கொள்கிறது. அதன் விளைவும் தெரிந்தது: 2024இல் இன்டெல் தன் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றின் நிலையின்மைக்குத் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தம் காரணம் என்று ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

ஆகவே, புதுக் கணினி வீட்டுக்கு வந்ததும் பயாஸ் பக்கத்தில் எக்ஸ்எம்பி இயக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கடையிலேயே இயக்கித் தந்திருக்கக்கூடும். இயக்கியிருந்தால், பள்ளிக் கோப்புகளை ஏற்றுமுன் ஓரிரவு மெம்டெஸ்ட்டை ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 6000 என்பதை 5600க்கு இறக்கி மீண்டும் ஓட்டுங்கள். வேக வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.