பக்கவாத்தியமும் பாலையாவும்

நம் கலைகளின் வரலாறு பெரும்பாலும் தலைமைக் கலைஞர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நாடகம் என்றால் ராஜபார்ட், கச்சேரி என்றால் பாடகர், திரைப்படம் என்றால் கதாநாயகன் என்று நம் நினைவு இவர்களைச் சுற்றியே வலம் வருகிறது. ராஜபார்ட்டுக்கு எதிரே நின்று பேசியவர் யார், பாடகருக்குப் பிசகாமல் தாளம் தந்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அலுவலகத்தில் கோப்பின்மேல் குறிப்பு எழுதி அனுப்புபவர் ஒருவர். முடிவில் கையொப்பமிடுபவர் வேறொருவர். குறிப்பு சரியில்லாவிடில் கையொப்பத்திற்கு மதிப்பில்லை என்பது அலுவலக வாழ்க்கையில் தலை நரைத்த நமக்குத் தெரியும். ஆகவே, திரையுலகில் முப்பத்தாறு ஆண்டுகள் பிறருக்குப் பக்கத்தில் நின்று பெருமை பெற்ற டி. எஸ். பாலையாவின் கலைப்பயணத்தை இங்கே ஆராய முற்படுகிறோம்.

நாடக மேடை தந்த பயிற்சி

பாலையா 1914-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். அவர் சிறுவராயிருந்த காலம் தமிழ் நாடகக் கம்பெனிகளின் பொற்காலம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியிருந்தார். இத்தகைய பாலர் சபைகள் ஊர் ஊராகச் சென்று கொட்டகை போட்டு நாடகம் நடத்தின. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஒலிபெருக்கி இல்லாத அம்மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்லைத் திருத்தமாக உச்சரிப்பதும், உடன் நடிப்பவரின் சொல் முடியுமிடத்தை உற்றுக் கேட்டுத் தன் சொல்லைத் தொடங்குவதும் நடிகனுக்கு இன்றியமையாத பாடங்கள். மேடை நடிகராகவே வளர்ந்த பாலையாவிடம் இவ்விரண்டும் இறுதிவரை நிலைத்திருந்தன.

அக்காலத்தில் கதாநாயகனாவதற்கு முதல் தகுதி சாரீரம். தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் பாட்டாலேயே மக்களை ஆண்டார்கள். எனவே பேச்சுத் திறத்தை முதலாகக் கொண்ட நடிகர்களுக்கு எதிர்நாயகன் வேடமே பெரிய வாய்ப்பாக இருந்தது. அவ்வாய்ப்பைப் பாலையா முழுமையாகப் பயன்படுத்திக் கொண்டார்.

சூழ்ச்சிக்காரரின் காலம்

எஸ். எஸ். வாசனின் கதையைத் தழுவி, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ 1936-இல் வெளிவந்தது. கதாநாயகன் எம். கே. ராதா. அவரைக் குடிக்கு இழுத்துக் குடும்பத்தைக் குலைக்கும் தீய நண்பராகப் பாலையா அறிமுகமானார். பின்னாளில் புகழின் உச்சியை எட்டிய எம். ஜி. ராமச்சந்திரன் அதே படத்தில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேடத்தில் தோன்றினார். என். எஸ். கிருஷ்ணனும் அப்படத்தில் நடித்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1956-இல் ‘மதுரை வீரன்’ வந்தபோது அன்றைய இன்ஸ்பெக்டர் காவிய நாயகனாகியிருந்தார். பாலையாவோ பொம்மியை அடையத் துடிக்கும் நரசப்பனாக அவருக்கு எதிரே நின்றார். உடன் புறப்பட்டவர் உயரச் சென்றபின்னும், தமக்குரிய இடத்தைக் குறைவின்றி நிரப்புவதற்குத் தனி மனப்பக்குவம் வேண்டும். அப்பக்குவம் இவரிடம் இருந்தது என்பதற்கு அவருடைய படங்களே சான்று.

1937-இல் வந்த ‘அம்பிகாபதி’யில் பாகவதருக்கு எதிராக உருத்திரசேனன் வேடம். இளங்கோவனின் இலக்கியச் சுவை மிக்க வசனம் அப்படத்திற்குப் பெயர் தந்தது. அத்தகைய வசனத்தைப் பேச நாடக மேடையில் திருந்திய நாக்கு தேவைப்பட்டது.

அறிஞர் அண்ணாவின் கதையான ‘வேலைக்காரி’ (1949) பாலையாவின் வேறொரு முகத்தைக் காட்டியது. தந்தையின் சாவுக்குப் பழிவாங்க ஆயுதத்தை நாடும் ஆனந்தனுக்கு அறிவால் வெல்லும் வழியைக் காட்டும் நண்பன் மணியாக அவர் நடித்தார். கதையின் மூளை அவர்தான். ‘சதி லீலாவதி’யில் நண்பனைக் கெடுத்த அதே சாதுரியம் இங்கே நண்பனைக் கரையேற்றுகிறது. நடிகர் மாறவில்லை, நோக்கம் மாறியது.

1954-இல் ‘தூக்குத் தூக்கி’யில் வடநாட்டு சேட்டாக வந்து அவர் பேசிய தமிழ் கொட்டகைகளைக் குலுங்க வைத்தது. தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு அதில் தனிச் சுவையுண்டு. அந்தச் சேட் தமிழைப் படுத்திய பாட்டை, கடைத்தெருவில் நாம் இந்தியைப் படுத்திப் பழிதீர்த்துக் கொண்டிருக்கிறோம் அல்லவா!

கேட்டலும் ஒரு நடிப்பே

1959-இல் ‘பாகப்பிரிவினை’ வந்தது. எஸ். வி. சுப்பையாவுக்கு அண்ணனாக, மனைவியின் சொல்லுக்கும் தம்பியின் பாசத்திற்கும் இடையே அகப்பட்ட குடும்பத் தலைவராகப் பாலையா நடித்தார். அவரை நல்லவர் என்றோ தீயவர் என்றோ ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. நம் வீடுகளில் காணும் மனிதர் அவர். ‘குணச்சித்திர நடிகர்’ என்ற பெயரின் பொருள் இத்தகைய வேடங்களில்தான் விளங்குகிறது. கதையை நடத்திச் செல்லும் பொறுப்பு நாயகனுடையது. ஒரு மனித குணத்தை வரைந்து காட்டும் பொறுப்பு இவருடையது.

அடுத்து வந்த ஆண்டுகளே பாலையாவின் அறுவடைக்காலம். 1964-இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்தது. எஸ்டேட் முதலாளி விசுவநாதனாகப் பாலையா. படம் எடுக்கப் பணம் கேட்டு நச்சரிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். மகன் தன் திகில் கதையைத் தந்தைக்குச் சொல்லும் காட்சியை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அக்காட்சியை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். பேசுவது முழுவதும் நாகேஷ். சிரிப்போ நமக்குப் பாலையாவின் முகத்திலிருந்து பிறக்கிறது. முதலில் அலட்சியம், அடுத்து ஆவல், பிறகு மெல்லப் படரும் அச்சம், அச்சத்தை மறைக்க முயலும் பெரியமனிதத் தோரணை, இறுதியில் அதுவும் கலைந்து போகும் பரிதாபம். இத்தனையும் ஏறக்குறையச் சொல்லின்றியே நிகழ்கின்றன. சொல்பவரின் திறமையைக் கேட்பவர் இரட்டிப்பாக்குகிறார். கதையில் பேய் இருக்கிறதோ இல்லையோ, பாலையாவின் கண்ணில் இருந்தது.

இப்படத்தை ஸ்ரீதரே 1966-இல் ‘பியார் கியே ஜா’ என இந்தியில் எடுத்தார். மெஹ்மூத் கதை சொல்ல, ஓம் பிரகாஷ் அஞ்சி நடுங்கினார். அக்காட்சி வட இந்திய ரசிகர்களிடையேயும் புகழ்பெற்றது. மொழி மாறியும் அந்த நகைச்சுவை வாடவில்லை. அதன் வேர் கேட்பவரின் முகத்தில் இருந்ததே காரணம் எனலாம்.

1965-இல் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் விறகு விற்ற படலமாக விளங்கும் கதையில், பாண்டிய நாட்டையே பாட்டால் வெல்ல வந்த ஏமநாத பாகவதராகப் பாலையா தோன்றினார். குரல் கொடுத்தவர் பாலமுரளிகிருஷ்ணா. அவ்வளவு இனிய குரல் தெய்வ பக்தரிடமிருந்து வருவதுபோல் தோன்றிவிட்டால் கதை கெட்டுவிடும். பாலையா அந்த இராகமாலிகைக்குச் செருக்கை முகமாகத் தந்தார். புருவமும் தலையசைப்பும் சேர்ந்து, இசை இனிக்கும்போதே பாடுபவர்மேல் நமக்குச் சினம் மூளச் செய்தன. பின்னர் விறகு விற்பவராக வந்த இறைவனின் பாட்டைக் கேட்கும்போது அதே முகம் சிறுகச் சிறுகச் சிறுத்துப் போகிறது. இங்கும் காட்சியின் வெற்றி கேட்பவரிடமே இருக்கிறது.

1967-இல் பாலசந்தரின் ‘பாமா விஜயம்’. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த நடிகையைக் கண்டு மயங்கி, வரவுக்கு மீறிச் செலவழிக்கும் மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். அவர்களுக்குப் பாடம் புகட்டும் தந்தையாகப் பாலையா. மாதக் கடைசியை எண்ணி வாழும் சம்பளக்காரர்களுக்கு அது நகைச்சுவைப் படமும் நீதி நூலும் ஆயிற்று. மறு ஆண்டே ‘தீன் பஹுரானியா(ன்)’ என்ற பெயரில் அது இந்தியில் வந்தது. அங்கே அத்தந்தை வேடத்தை ஏற்றவர் பிரிதிவிராஜ் கபூர். பாலையா சுமந்த வேடத்தின் எடையை அளக்க இதைவிட வேறு அளவுகோல் வேண்டுவதில்லை.

முத்துராக்கு

1968-இல் வந்தது ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்புவின் நாவல் அது. சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும் மோகனாவாகப் பத்மினியும் நடிக்க, தவில் வித்துவான் முத்துராக்குவாகப் பாலையா வந்தார். நாயனக்காரருக்குத் தன்மானமும் முன்கோபமும் அதிகம். அந்நெருப்பைத் தணித்தும், வேண்டியபோது கேலி செய்து அடக்கியும், சபையில் அவர் வாசிப்புக்குத் தோள் கொடுத்தும் உடன் நிற்பவர் முத்துராக்கு. தவில்காரர் நாயனத்தை ஒருகணம் கேளாமல் விட்டால் கச்சேரி கவிழ்ந்துவிடும். கேட்டுக்கொண்டே அடிப்பதுதான் அவர் தொழில். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் வசனத்தைக் கேட்டுக் கேட்டே தம் நடிப்பை வளர்த்த பாலையாவுக்கு, அவர் வாழ்க்கையையே வேடமாக அளித்தது போலாயிற்று.

பாலையா 1972-ஆம் ஆண்டு ஜூலை 22-இல் மறைந்தார். பிரிதிவிராஜ் கபூர் மறைந்ததும் அதே ஆண்டு மே மாதத்தில்தான். அன்று மத்திய அரசின் திரைப்பட விருதுகளில் துணை வேடக் கலைஞருக்கென்று ஒரு பிரிவே இல்லை. 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில்தான் அது முதன்முதலாக வழங்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1994-ஆம் ஆண்டுக்குரிய அவ்விருதை ‘நம்மவர்’ படத்திற்காக நாகேஷ் பெற்றார். கதை சொன்ன மகனுக்குக் கிட்டிய மரியாதை, அதைக் கேட்ட தந்தையின் வாழ்நாளில் ஏற்படவேயில்லை. இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. பக்கத்தில் நிற்பவரைக் காண நம் கண்கள் பழகுவதற்கு அத்தனை காலம் ஆயிற்று என்பதே இதனால் விளங்குவது.

பாலையாவைப் போலவே எஸ். வி. சுப்பையா, எஸ். வி. ரங்காராவ், வி. நாகையா, கே. சாரங்கபாணி, கண்ணாம்பா என்று எத்தனையோ பேர் தனித்தனியே ஆராயத் தக்கவர்கள். பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பழைய படங்களைப் போட்டுக் காட்டும்போது, பாடுபவரையும் வாள் சுழற்றுபவரையும் அவர்களே கண்டுகொள்வார்கள். எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவரைச் சுட்டிக்காட்டி அவர் பெயரைச் சொல்ல வேண்டியது நம் கடமை.