கோல்ப் திடலும் தேக சுகமும்



கோல்ப் என்றதும், அது செல்வரின் பொழுதுபோக்கு அன்றோ, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயினும் அவ்விளையாட்டு உடலுக்கு அளிக்கும் நன்மை எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்ந்தால், அது எல்லோருக்கும் எட்டக்கூடியது என்பது புலனாகும்.

இவ்விளையாட்டு வளர்ந்த நாடு ஸ்கொத்லாந்து. 1457ஆம் ஆண்டில், இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் காலத்தில், அந்நாட்டுப் பாராளுமன்றம் கோல்பையும் காற்பந்தையும் தடை செய்தது. இளைஞர் விற்பயிற்சியைக் கைவிட்டு இவற்றில் பொழுதைப் போக்கினர் என்பதே காரணம். நாட்டைக் காக்கும் பயிற்சிக்கு இடையூறு எனப்பட்ட ஆட்டமே பிற்காலத்தில் சிறந்த தேகப்பயிற்சி எனப் போற்றப்பட்டது வியப்புக்குரியது.

ஆங்கிலேயர் தாம் சென்ற நாடுகளுக்கெல்லாம் இதனைக் கொண்டுசென்றனர். கல்கத்தாவில் 1829இல் கழகம் தோன்றியது. கொழும்பில் 1879இல் கழகம் நிறுவப்பட்டு, காலிமுகத்திடலிலே ஆட்டம் தொடங்கிற்று. 1896இல் கழகம் பொரளைப் பகுதிக்குப் பெயர்ந்தது. அப்புதிய திடல் தேசாதிபதி சேர் வெஸ்ட் றிட்ஜ்வேயின் பெயரைப் பெற்றது. 1928இல் 'றோயல்' என்னும் பட்டமும் கழகத்துக்குக் கிடைத்தது. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை இத்திடலை ஊடறுத்துச் செல்கிறது. புகையிரதத்தில் செல்வோர் பலர் அப்பசும்புல்லைக் காண்கின்றனர். அதில் கால் பதிப்போர் சிலரே.

அச்சிலர் பெறும் பயன் யாது? பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்க ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். அதற்குள் 6 முதல் 10 கிலோமீற்றர் வரை நடக்க நேரிடும். பந்தை அடிப்பது கணப்பொழுதுச் செயல், எஞ்சியதெல்லாம் நடையே. சுவீடன் நாட்டில் 3 இலட்சம் கோல்ப் ஆட்டக்காரரைப் பற்றிய ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒத்த வயதும் ஒத்த வாழ்க்கைநிலையும் உடைய ஏனையோரினும் அவர்களது இறப்பு வீதம் 40 சதவீதம் குறைவு என அது கண்டது. நல்ல உடல்நலம் உடையோரே விளையாட வருகின்றனர் என்பதும் இதற்கு ஓரளவு காரணமாகலாம். ஆதலின் மட்டையை எடுத்தவுடன் ஆயுள் நீளும் என்று கொள்ளுதல் தகாது.

நடையின் வன்மையை அறிய, கோல்பை விட்டுச் சற்று லண்டன் மாநகரின் பேருந்துகளை நோக்குவோம். அங்கு ஜெரமி மொறிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளினும், மாடிப்படியில் ஏறி இறங்கிய நடத்துநர்க்கு இருதய நோய் குறைவாக இருந்தது. இருவரும் ஒரே வண்டியில் உழைத்தவர்கள். ஒருவர் அமர்ந்திருந்தார், மற்றவர் நடமாடினார். கோல்ப் திடலிலும் இதுவே உண்மை. மோட்டார் வண்டியேறிப் பந்தைத் தொடர்பவர் பயனிற் பெரும்பகுதியை இழக்கிறார். மட்டைப் பையைச் சுமந்து உடன் செல்லும் தொழிலாளியோ, கழகத்தில் அங்கத்தவராகாமலே அத்தனை தூரத்தையும் நடந்து முடிக்கிறார்.

எனவே நமக்கு வேண்டுவது விலையுயர்ந்த மட்டை அன்று. நடப்பதற்கு ஓர் இடமும், நடக்கும் மனமுமே. வளர்ந்தோர் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபடல் வேண்டும் என்றும், பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் பிள்ளைகளோ பாடசாலையில் அமர்ந்து, பின் தனியார் வகுப்பிலும் அமர்ந்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். மாலையில் வெறிச்சோடிக் கிடக்கும் விளையாட்டு மைதானத்தைக் காணும் எந்த ஆசிரியருக்கும் இது கவலை தருவதே.

இடம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஹெந்தளையில் வாழ்வோர்க்கு, 1804இல் வெட்டி முடிக்கப்பட்ட ஹமில்டன் கால்வாயின் கரை உண்டு. வெள்ளவத்தையில் உள்ளோர்க்குக் கடலோர வீதி உண்டு. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களில் உள்ளோர்க்கும் காலிமுகத்திடல் தொலைவில் இல்லை.

கொழும்பு கோல்ப் பிறந்த அத்திடலில் ஒரு நினைவுக்கல் உண்டு. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதையைப் பற்றியது அது. கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் ஆகியோரின் நலன் கருதி, இப்பாதையைத் தமக்குப் பின் வருவோர் பேணவேண்டும் என்று அவர் அதில் கேட்டுள்ளார். கோல்ப் கழகம் அங்கு வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, நடப்பதற்கென்று ஊராருக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. திறந்த வெளிகளைப் பேணுவது ஆள்வோர் கடன். அவற்றில் நாள்தோறும் நடப்பது நம் கடன். பெற்றோர் தம் பிள்ளைகளையும் கைப்பிடித்து அழைத்துச் செல்வாராக.