ஆனை கற்பிட்டிக்கு வந்த வழி

வைக்கம் முகம்மது பஷீர் 1951இல் வெளியிட்ட அந்தச் சின்ன நாவலில் ஆனை ஒரு தடவைகூட நேரில் வருவதில்லை. அது செத்துப்போன பாட்டனாருடைய ஆனை. அதன் பெயரைச் சொல்லித்தான் ஒரு வீடே நிமிர்ந்து நிற்கிறது, அக்கம்பக்கத்தை மட்டம் தட்டுகிறது, கடைசியில் கேலிக்கும் ஆளாகிறது. நடுவே ஒரு காதல். குர்ஆன் ஓதத் தெரிந்தும் தாய்மொழி எழுத்துத் தெரியாத குஞ்ஞுபாத்தும்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த படித்த இளைஞன் நிஸார் அகமதுவுக்கும் இடையில் மலர்ந்து கல்யாணத்தில் முடிகிறது. தமிழில் ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ என்ற பெயரில் கிடைக்கும் இந்தப் புத்தகம் கேரளத்திலிருந்து இலங்கையின் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது நேர்வழியில் அல்ல.

இந்த வகைக் கதைக்கு இன்றைய சந்தையில் ‘ரொமான்டிக் காமெடி’ என்று பெயர். அதிலும் சிரிக்கச் சிரிக்கக் காதலைச் சொல்லிக்கொண்டே, நெஞ்சை அடைக்கும் விஷயத்தையும் பேசும் நாவல்களுக்கு ஆங்கிலத்தில் இப்போது தனி மவுசு. அயர்லாந்தின் மரியன் கீஸ் 1997இல் ‘ரேச்சல்ஸ் ஹாலிடே’யில் போதைப் பழக்கத்தை இப்படிச் சொன்னார். எமிலி ஹென்றியின் ‘பீச் ரீட்’ 2020இல் வந்தது. தகப்பனைப் பறிகொடுத்த துக்கத்தைக் காதல் கலாட்டாவுக்குள் வைத்தது. கனடாவின் உஸ்மா ஜலாலுதீன் 2018இல் ‘ஆயிஷா அட் லாஸ்ட்’ எழுதினார். தாடியும் நீள அங்கியுமாக வேலைக்குப் போய் அலுவலகத்தில் அவமானப்படும் ஒருவனும், கவிதை எழுதும் ஓர் ஆசிரியையும் முட்டி மோதிச் சேரும் கதை. ஜேன் ஆஸ்டின் 1813இல் ஒரு நாவலில் போட்ட கோட்டின்மேல் டொராண்டோ முஸ்லிம்களை நடக்கவிட்டிருக்கிறார். பதிப்பாளர்கள் இதைப் புதுக் கண்டுபிடிப்புப் போல விற்கிறார்கள். 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை வெளியிட்ட தமிழின் முதல் நாவலே பாதி வேடிக்கை, பாதி காதல், மீதி நீதிபோதனை என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

பஷீருக்கு இந்தக் கலவை கைவந்த கலை. 1908இல் வைக்கம் பக்கத்தில் தலயோலப்பறம்பில் பிறந்தவர். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கென்று கோழிக்கோடு போய், அடியும் சிறையும் பட்டுத் திரும்பினார். பிறகு பல வருஷம் ஊர் ஊராய் அலைந்தார். திருவனந்தபுரம் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய ‘பிரேமலேகனம்’ ஒரு நாயர் இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் பேசிப் பேசியே காதலிக்கும் குறும்புக் கதை. மதமும் வரதட்சணையும் அதில் வாங்கிக் கட்டிக்கொள்கின்றன. திருவிதாங்கூர் அரசு அதற்குத் தடை போட்டது. அடுத்து வந்த ‘பால்யகால சகி’ அழவைத்தது. அழுகையையும் சிரிப்பையும் ஒரே அடுப்பில் ஏற்றியது ஆனைக் கதையில்தான்.

அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். குஞ்ஞுபாத்தும்மாவின் தாய் ஆனைக்காரருடைய செல்ல மகள். கழுத்து நிறைய நகை, வாய் நிறைய வெற்றிலை, காலில் மெதியடி என்னும் மரச்செருப்பு. கணவனோ ஊரில் பெரிய மனிதர். உடன்பிறந்தவர்கள் போட்ட சொத்து வழக்கில் எல்லாம் போகிறது. குளத்தோரம் ஒரு சிறு குடிசைக்கு இறங்குகிறார்கள். தாய் அங்கேயும் மெதியடியைக் கழற்றவில்லை. மண்தரையில் அது எழுப்பும் சத்தத்தைப் பஷீர் விட்டுவைப்பாரா? பக்கத்து வீட்டுக்காரர்கள் முறையான முஸ்லிம்களே அல்ல என்று அவள் முடிவு கட்டுவதும், அந்த வீட்டு ஆயிஷா குஞ்ஞுபாத்தும்மாவுக்கு இரகசியமாக எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும் நாவலின் நடுப்பகுதி. முடிவில் தெருப் பிள்ளைகள் அந்தப் பெரிய ஆனை வெறும் குழியானை என்று கத்துகிறார்கள். மணலில் புனல் மாதிரிக் குழி பறித்து எறும்புக்குக் காத்துக் கிடக்குமே, அந்தப் பூச்சி. கற்பிட்டி மணலில் வேலியோரம் குனிந்து தேடினால் இப்போதும் அகப்படும்.

புத்தகம் முதலில் எடுத்த நெடும்பயணம் வடக்கே. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த ரொனால்ட் ஆஷர் இதையும் பஷீரின் வேறு இரு கதைகளையும் ஆங்கிலமாக்கி 1980இல் வெளியிட்டார். ஆஷர் தமிழ் இலக்கணமும் தமிழ் உரைநடை வரலாறும் எழுதியவர். ஆக, நமக்குப் பக்கத்து ஊரான வைக்கத்துக் கதையை உலகத்துக்குக் கொண்டுபோனவர் தமிழ் படித்த வெள்ளைக்காரர். தமிழில் பலர் கைக்குப் போனது குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்பு, நாகர்கோவிலிலிருந்து காலச்சுவடு போட்டது. யூசுப் ‘திருடன் மணியன்பிள்ளை’க்காக 2018இல் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். அவர் தமிழாக்கிய பஷீரை வாசிக்கையில் பாத்திரங்கள் நம் கடற்கரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கிறது. குளச்சலும் காயல்பட்டினமும் கீழக்கரையும் கற்பிட்டியும் தோணிக்காலத்தில் ஒரே தெருவின் வீடுகள்தானே.

கடல் தாண்டுவது மட்டும் எப்போதும் லேசாக நடந்ததில்லை. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய போட் மெயில்தான் சென்னை இதழ்களையும் தொடர்கதைகளையும் இங்கே ஏற்றி வந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு அந்த வழியையும் கொண்டு போயிற்று. 1970களில் இலங்கை அரசாங்கம் இந்திய இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வாசகர்கள் முணுமுணுத்தார்கள், எழுத்தாளர்களுக்கு அது நல்ல காலம். வீரகேசரிப் பிரசுரங்கள் உள்ளூர் நாவல்களைக் கைக்கு அடக்கமான விலையில் நாடெங்கும் அனுப்பின. புத்தளத்துக்கு 1926இலேயே கொழும்பிலிருந்து ரயில் வந்துவிட்டதால், கட்டு வந்து சேர்வதில் சிரமம் இருக்கவில்லை. செங்கை ஆழியான் வேடிக்கைக் கதைகளும் கண்ணீர்க் கதைகளும் எழுதினார், ஆனால் பெரும்பாலும் தனித்தனியாக. இரண்டையும் பிசைந்தது எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’. கொழும்பில் வேலை பார்க்கும் ஒருவன் மனைவியோடு ஒரு பொழுது தனியே இருக்கலாம் என்று விடுமுறையில் யாழ்ப்பாணம் வருகிறான், வீடு நிறைய ஆட்கள். இவ்வளவுதான் கதை. கல்யாணத்துக்குப் பிந்திய காதலை வைத்து இவ்வளவு சிரிப்பும் இவ்வளவு ஏக்கமும் ஈழத்தில் வேறொருவர் எழுதிப் பார்த்த நினைவில்லை. 1977இல் இறக்குமதி திறந்தபின் ராணி முத்துவும் ரமணிசந்திரனும் வந்திறங்கினார்கள், காதல் நாவல் மறுபடி சிரிப்பதை மறந்தது. ரமணிசந்திரனின் நாயகர்கள் முறைப்பார்கள், பிறகு உருகுவார்கள். பகிடி விடுகிற வேலை வீட்டு வேலைக்காரிக்கோ தோழிக்கோ ஒதுக்கப்பட்டது.

பிறகு 1990 ஒக்டோபர் கடைசி வாரம். விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சுமார் எழுபத்தையாயிரம் பேரில் பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்துக்கு வந்தது. மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் தோணிகளில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். கிடுகுக் கொட்டில், பிறகு தகரம், பிறகு கல். வெங்காயத் தோட்டத்திலும் உப்பு வாய்க்காலிலும் நாட்கூலி. வடக்கில் கடை வைத்திருந்தவர், பள்ளிக்கூடம் நடத்தியவர், நகை செய்தவர் எல்லோருக்கும் இங்கே ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது: அகதி. பேரப்பிள்ளை காலத்திலும் அது உதிரவில்லை.

ஆனைக் கதை இவர்களிடம் வந்து சேர்ந்த விதம் சாதாரணமானது. கொழும்பு செட்டியார் தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலையில் வாங்கிய பிரதியை, பாலாவிக்கும் நுரைச்சோலைக்கும் இடையில் ஒரு குடியேற்றக் கிராமத்தில் படிப்பிக்கும் சிநேகிதிக்குக் கொடுத்தேன். அவள் அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டு முற்றத்தில், சின்ன வெங்காயத்தின் தாள் நறுக்க உட்காரும் பெண்களுக்கு, அத்தியாயம் அத்தியாயமாக உரத்து வாசித்தாள். ஒருநாள் நானும் போய் உட்கார்ந்தேன். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. இந்தப் பக்கம் கழுதையொன்று வெங்காயத் தாளை நம்பி வேலியில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. புத்தளத்தில் கழுதை இல்லாத காட்சியை யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

தாய் மெதியடியோடு குடிசைக்குள் நடக்கும் இடம் வந்தது. பெட்டைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி எழுந்து நடந்தும் காட்டினாள். மூலையில் இருந்த ஒரு உம்மும்மா மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சிரிக்கிறியள். எங்கட ஆனை குழியானை இல்ல, மகள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில நாலு அறையும் குசினியும் வச்ச ஆனை.”

“அப்ப நீங்களும் மெதியடி போட்டிருப்பீங்க, உம்மும்மா.”

“போட்டிருப்பன். ஏன் கழட்ட வேணும்?”

இதற்கும் சிரிப்புத்தான், ஆனால் வேறு சிரிப்பு. உம்மும்மாவும் சேர்ந்துகொண்டார்.

பஷீர் சீர்திருத்தக்காரர். பழம்பெருமையில் மயங்கிக் கிடந்த சமூகத்தைத் தட்டி எழுப்ப அந்தத் தாயைக் கேலிப் பொருளாக்கினார். அவருடைய கேலி நியாயமானது. பெருமை பேசிய ஆனையைக் கோர்ட்டில் தொலைத்தவர்கள் அவர்கள், வேறு யாரும் பறிக்கவில்லை. இந்தக் கடற்கரையில் கணக்கு மாறிவிடுகிறது. இங்கே ஆனை பறிக்கப்பட்டது. ‘எங்களுக்கு அங்கே இருந்தது’ என்று சொல்வது வீம்பாக நின்றுவிடாமல் சாட்சியமும் ஆகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பேரப்பிள்ளைக்கு அகதி என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். ஆகவே பஷீர் நக்கலடித்த தாய், புத்தளம் வந்து சேர்ந்ததும் கதாநாயகி ஆகிவிட்டாள். இதற்காக நாவலில் ஒரு வரியும் மாற வேண்டியிருக்கவில்லை. வெறும் அழுகைக் கதையாக இருந்திருந்தால் உம்மும்மா வாய் திறந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் பேசிப் பேசி அவர்கள் களைத்துப்போனவர்கள். ஒரு அறிக்கைக்கோ பேட்டிக்கோ சொல்லாததை, மெதியடிப் பகிடிக்குப் பதிலடியாகச் சொல்லிவிட்டார்.

காதலுக்கு வரவேற்பு அவ்வளவு இல்லை. குஞ்ஞுபாத்தும்மா குளத்தில் அட்டை கடிபட்டு அலறியதற்குக் கிடைத்த கைதட்டல் நிஸார் அகமதுவுக்குக் கிடைக்கவில்லை. தோட்டம், சுத்தம், படிப்பு என்று அவன் வாய் ஓய்வதே இல்லை. “இவர் காதலிக்கிறாரா, ட்யூஷன் குடுக்கிறாரா?” என்று ஏ.எல். படிக்கும் ஒரு பெட்டை கேட்டாள். சரியான விமர்சனம். நிஸார் அகமது குறையே இல்லாதவன், அதனால் அவனைப் பார்த்துச் சிரிக்க முடிவதில்லை. சிரிக்க முடியாத ஆளை நேசிப்பதும் சிரமம். ஆஸ்டினின் டார்சி முதல் உஸ்மா ஜலாலுதீனின் தாடிக்காரன் வரை, இந்த வகை நாயகன் ஒருதரமாவது மூக்குடைபட வேண்டும். பஷீர் நிஸாருக்கு அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்கத் தவறிவிட்டார்.

அந்தப் பெட்டை வாசிப்பதெல்லாம் ஃபோனில். 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபியில் தமிழ்க் காதல் தொடர்கள் குவிந்து கிடக்கின்றன. ரோசி கஜன், நிதனிபிரபு போன்ற ஈழத்துப் பெண் எழுத்தாளர்களின் இணைய நாவல்களில் பாத்திரங்கள் எங்கட பேச்சிலேயே சண்டை பிடித்துச் சமாதானமாகிறார்கள். அவளுடைய குறை வேறு: யாழ்ப்பாணமும் கொழும்பும் லண்டனும் வருகின்றன, கற்பிட்டி வருவதில்லை. வரவேண்டிய கதை எல்லோருக்கும் தெரியும். ஊர்க்காரப் பையன், அகதிப் பெட்டை. பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது வழக்கம், வீடோ வடக்கில் கூரையில்லாமல் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வீட்டு உறுதிப்பத்திரம் கேட்கிறார்கள், பெண்ணின் வாப்பா 1990க்கு முந்திய உறுதியைச் சட்டகம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். மாமியார் புத்தளத்துப் பெருமை பேச, உம்மும்மா யாழ்ப்பாணத்துப் பெருமை பேச, இரண்டு ஆனைகளும் ஒரே கல்யாண வீட்டில் முட்டிக்கொள்ளும். இதில் பகிடிக்கும் குறைவில்லை, கண்ணீருக்கும் குறைவில்லை. எழுதுகிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பரீட்சை முடியட்டுமாம்.

பிரதி இப்போது புத்தளத்தில் இல்லை. 2009இல் போர் முடிந்தபிறகு மன்னார் மாவட்டம் முசலிப் பக்கம் மீளக்குடியேறிய குடும்பங்களில் பல இன்னும் இரு ஊரிலும் காலூன்றி நிற்கின்றன. நிலம் அங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே. வெங்காயம் நறுக்கியவர்களில் ஒருத்தி சிலாவத்துறையில் மதினிக்குக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று பஸ்ஸில் கொண்டுபோனாள். மதினி அவளுடைய மச்சாளுக்குக் கொடுத்துவிட்டாளாம், அதற்கு மேல் தகவல் இல்லை. சிநேகிதி இன்னொரு பிரதி கேட்டாள். 2022இல் இலங்கை ரூபாய் விழுந்தபிறகு இந்தியப் புத்தகத்தின் விலையைப் பார்த்தால் ஆனை வாங்குவது சுலபம் போலிருக்கிறது. முற்றத்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு போடுகிறார்கள். உம்மும்மா தன் பங்கைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் சேர்த்திருக்கிறார்: இந்தமுறை புத்தகம் அவர் வீட்டில்தான் இருக்கும்.