மாதம் ஒரு தாலர்

1739ஆம் ஆண்டின் கோடையில், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள ஃப்ரைபெர்க் என்ற வெள்ளிச் சுரங்க ஊருக்கு மூன்று ரஷ்ய மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். சுரங்கத் தொழிலும் உலோகவியலும் கற்றுவரும்படி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் அரசாங்கச் செலவில் அனுப்பிய இளைஞர்கள். அதற்கு முன் ஏறக்குறைய மூன்றாண்டுகள் மார்புர்க் நகரில் தங்கிப் படித்தவர்கள். படிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் கிளம்பும்போது ஊரெல்லாம் கடன் நின்றது.

அதனால் இந்த முறை கழகம் கறாராக இருந்தது. உதவித்தொகையைக் குறைத்தது. பணத்தை மாணவர் கையில் தராமல், அவர்களுடைய ஆசிரியர் யோஹான் ஃப்ரீட்ரிஷ் ஹென்கெல் பொறுப்பில் விட்டது. சில்லறைச் செலவுக்கு ஆளுக்கு மாதம் ஒரு தாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. இவர்களுக்கு யாரும் கடன் தர வேண்டாமென்று ஊருக்குள் அறிவித்துவிட வேண்டும் என்பது உத்தரவு.

மூவரில் ஒருவர் மிகயீல் லொமொனோசொவ். பனிபடர்ந்த வடகடலோரத்து மீனவர் மகன். பிற்காலத்தில் ரஷ்ய அறிவியலின் தந்தை என்று போற்றப்பட்டவர். மாஸ்கோ பல்கலைக்கழகம் இன்றும் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஃப்ரைபெர்க்கில் அவருக்கும் ஹென்கெலுக்கும் ஒத்துப்போகவில்லை. நச்சுப் பொருளை அரைக்கச் சொன்னதில் ஒரு சண்டை, பணம் கேட்டதில் இன்னொரு சண்டை. 1740 மே மாதத்தில் சொல்லிக்கொள்ளாமல் ஊரை விட்டே போய்விட்டார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நிய மாணவரின் கையிருப்பு எவ்வளவு என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அந்தக் கடிதங்களையும் உத்தரவுகளையும் யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் காரணம்.

ஜெர்மனிக்குப் பொறியியல் படிக்கப் போனவர்களின் கதையைக் கண்டுபிடிப்புகளின் கதையாகச் சொல்வதே வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் அந்த மாணவர்கள் எங்கே தூங்கினார்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள், மாதக் கடைசியை எப்படித் தள்ளினார்கள் என்பதும் சேர்ந்தால்தான் அது வரலாறு. இன்று அங்கே போகும் மாணவர் இயல்பாக அனுபவிக்கும் பல வசதிகள், முன்னால் போனவர்களின் பசியிலிருந்தும் நெருக்கடியிலிருந்தும் பிறந்தவை.

லொமொனோசொவ் போன கால் நூற்றாண்டு கழித்து, 1765இல், அதே ஃப்ரைபெர்க்கில் சுரங்கவியல் உயர்கல்விக் கழகம் தொடங்கியது. ஐரோப்பாவின் மூலைகளிலிருந்து மட்டுமல்ல, கடல் தாண்டியும் மாணவர்கள் வந்தார்கள். ஸ்பெயினிலிருந்து வந்து படித்த எல்ஹுயார் சகோதரர்கள்தான் 1783இல் டங்ஸ்டனைத் தனியே பிரித்தெடுத்தவர்கள். பிரேசில் விடுதலையின் தந்தை எனப்படும் ஜோசே போனிஃபாசியோவும் இங்கே படித்தவரே. இன்றைய லித்தியம் பேட்டரிகளுக்கு மூலப்பொருளாகும் ஸ்போடுமின் கனிமத்தை முதலில் விவரித்தவரும் இவர்தான்.

அங்கே ஒரு மாணவரின் நாள் எப்படி விடிந்தது என்பதை அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் மூலம் அறியலாம். 1791இல் சேர்ந்த அவர் காலை முழுவதும் சுரங்கத்துக்குள் இருந்தார். மத்தியானத்துக்கு மேல் ஐந்தாறு வகுப்புகள். சுரங்கத்துக்குள் இறங்குபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து ‘க்ளூக் அவுஃப்’. நல்லபடியாக மேலே வந்து சேருங்கள் என்ற வேண்டுதல் அதில் அடங்கியிருக்கிறது. வெள்ளிச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் ஃப்ரைபெர்க்கில் அந்த வாழ்த்து மூடப்படவில்லை.

19ஆம் நூற்றாண்டில் கதை சுரங்கத்திலிருந்து தொழிற்சாலைக்கு நகர்ந்தது. கார்ல்ஸ்ரூ, டிரெஸ்டன், ஸ்டுட்கார்ட், ஹானோவர், ஆகென் என்று ஊர் ஊராகத் தொழில்நுட்பக் கல்லூரிகள் எழுந்தன. பழைய பல்கலைக்கழகங்கள் இவற்றைச் சமமாக மதிக்கவில்லை. 1899இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் இவற்றில் பிரஷ்யாவைச் சேர்ந்தவற்றுக்கு டாக்டர் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தபோதுகூட ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வந்தது: இந்தப் பட்டத்தை லத்தீன் எழுத்தில் எழுதக் கூடாது, ஜெர்மன் எழுத்தில்தான் எழுத வேண்டும். மருத்துவம், சட்டம் படித்த டாக்டர் வேறு, இயந்திரம் படித்த டாக்டர் வேறு என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமாம். டாக்டர்-இன்ஜினியர் என்று இடையில் கோடு போட்டு எழுதும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் கல்லூரிகளில் அயல்நாட்டவருக்கு அதிகமாகக் கதவு திறந்தவற்றில் ஒன்று டார்ம்ஸ்டாட். 1882இல் மின்பொறியியலுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கி எராஸ்மஸ் கிட்லரை அமர்த்திய கல்லூரி அது. அடுத்த ஆண்டே ஒரு ரஷ்ய மாணவர் வந்து நின்றார். அரசியல் காரணத்துக்காக ரிகா நகரக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பெயர் மிகயீல் டோலிவோ-டோப்ரொவோல்ஸ்கி. சொந்த நாட்டில் படிக்க இடமில்லாமல் வந்த இந்த இளைஞர், 1889இல் த்ரீ ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரை உருவாக்கினார். 1891இல் லாஃபன் ஊரிலிருந்து 175 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு த்ரீ ஃபேஸ் மின்சாரம் கம்பி வழியே போய்ச் சேர்ந்ததிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. தமிழ்நாட்டு விவசாயி ‘த்ரீ ஃபேஸ் வந்துடுச்சா?’ என்று கேட்டபடி மோட்டார் ரூமுக்கு நடக்கிறாரே, அந்த மோட்டாரின் மூதாதை இது.

டார்ம்ஸ்டாட்டுக்கு அகதி போல வந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. ரஷ்யக் கல்லூரிகளில் யூதர்களுக்கு இடம் அளந்து கொடுக்கப்பட்ட காலம் அது. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஓவியரும் வடிவமைப்பாளருமான எல் லிசிட்ஸ்கி, சொந்த நாட்டில் இடம் கிடைக்காமல் 1909இல் இங்கே கட்டடக்கலை படிக்க வந்தார். கொத்து வேலை பார்த்துச் செலவுக்குச் சம்பாதித்தார். 1914இல் போர் வெடித்ததும் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. இந்தக் கல்லூரியில் முதன்முதலாக டிப்ளோம் இன்ஜினியர் பட்டம் பெற்ற பெண்ணும் ஓர் அயல்நாட்டு மாணவியே. 1913இல் பட்டம் பெற்ற அவர் செர்பியாவைச் சேர்ந்த யோவான்கா போன்சிச்.

போர் முடிந்தபோது ஜெர்மனி பசியில் இருந்தது. மாணவர் உணவகம் என்ற ஏற்பாடு உருப்பெற்ற காலம் அதுதான். அதன் ஜெர்மன் பெயரான ‘மென்சா’வுக்கு லத்தீனில் மேசை என்று பொருள். 1921 பிப்ரவரியில் டூபிங்கன் நகரில் மாணவர்களின் பொருளாதார உதவிச் சங்கம் தொடங்கியது. இன்றைய மாணவர் நல அமைப்புகளின் வேர் அது. போர்முனையிலிருந்து திரும்பிய மாணவர்களும், வீட்டுச் சேமிப்பு கரைந்துபோன மாணவர்களும் சேர்ந்து பொதுச் சமையல் நடத்தினார்கள். 1923 நவம்பரில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க். காலையில் கையிலிருந்த பணத்துக்கு மாலையில் ரொட்டி கிடைக்கும் என்ற நிச்சயமில்லை. அப்படிப்பட்ட நாளில் ஒரு தட்டுச் சூப்பை எல்லாருக்கும் ஒரே விலையில் கொடுப்பதென்பது சாதாரணக் காரியமல்ல.

அதே நெருக்கடி இன்னொரு சொல்லையும் தந்தது: ‘வெர்க்ஷ்டூடென்ட்’. விடுமுறையில் சுரங்கத்திலோ தொழிற்சாலையிலோ கூலி வேலை செய்து அடுத்த பருவப் படிப்புக்குக் காசு சேர்க்கும் மாணவர். அந்தக் காலத்து நடுத்தர வர்க்கத்துக்கு இது அதிர்ச்சிதான். படிக்கிற பிள்ளை கரி அள்ளுவதா என்று வீடுகளில் முணுமுணுப்பு. இன்று தமிழ் மாணவர்கள் கார் கம்பெனியிலோ சாஃப்ட்வேர் நிறுவனத்திலோ வாரம் 20 மணி நேரம் செய்யும் பகுதிநேர வேலைக்கும் அதே பெயர்தான். பெயரில் பசியின் தடம் இருக்கிறது என்பதை அறிந்து அதைச் சொல்பவர்கள் குறைவு.

அறையின் கதை வேறு. வெகுகாலம் வரை மாணவர்கள் பெரும்பாலும் யாராவது ஒரு வீட்டுக்கார அம்மாவிடம் சாமான்களோடு கூடிய ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். கரி அடுப்பு. குளிக்கத் தனிக் காசு. பெண் விருந்தாளி வந்தால் இரவு பத்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். இது வீட்டுக்காரம்மாவின் கெடுபிடி மட்டுமல்ல, அதன் பின்னால் சட்டமும் இருந்தது. திருமணமாகாத இருவர் ஒன்றாகத் தங்க இடம் கொடுத்தால் வீட்டுக்காரர் மீதே வழக்குப் போடலாம். 1973இல் நடந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் அந்த அச்சம் நீங்கியது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, சமையலறையைப் பொதுவில் வைத்து, பெருக்குவதற்கு முறை வைத்துக்கொள்ளும் ‘வே-கே’ வாழ்க்கை பரவியது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

இந்த மாற்றங்களுக்கு நடுவில்தான் சென்னையின் கதை இதனோடு சேர்கிறது. 1956இல் நேரு மேற்கு ஜெர்மனிக்குப் போனபோது, இந்தியாவில் ஓர் உயர் தொழில்நுட்ப நிறுவனம் அமைக்க அந்நாடு உதவ முன்வந்தது. 1959இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதே ஆண்டு ஜூலை 31 அன்று சென்னை ஐஐடி தொடங்கி வைக்கப்பட்டது. வளாகத்துக்குள் இன்றும் பான் அவென்யூ என்று ஒரு சாலை இருக்கிறது. ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பேராசிரியர்களோடு ஐந்து ஃபோர்மேன்களும் வருவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. கூடவே, இந்திய ஆசிரியர்கள் 20 பேருக்கு ஜெர்மனியில் பயிற்சி, ஒரு மையப் பட்டறை, 20 ஆய்வகங்கள், ஒரு நூலகம். ஓர் உயர்கல்வி ஒப்பந்தத்தில் ஃபோர்மேன்களை எண்ணிக்கையோடு குறிப்பிட்டதில்தான் ஜெர்மானியப் பொறியியல் கல்வியின் குணம் தெரிகிறது.

அந்தக் குணத்தை அங்கே போன மாணவர்கள் உள்ளங்கையில் உணர்ந்தார்கள். மெக்கானிக்கல் படித்தவர் பட்டம் பெறும்முன் தொழிற்சாலைப் பயிற்சி முடித்தாக வேண்டியிருந்தது. பல கல்லூரிகளில் அது 26 வாரமாக இருந்தது. அதன் முதல் பாடம் அரம். வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். இரும்புத் துண்டைக் கவ்வவிட்டு, அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும்; பின்னால் இழுக்கும்போது அழுத்தம் கூடாது. இரண்டு நாள் ராவிய பிறகு மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். இடுக்கில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் வைஸுக்குத்தான். கை கொப்புளித்த நிலையில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது எவ்வளவு பெரிய அளவு என்று அப்போதுதான் புரியும். நம்மூர்க் கல்லூரி ஃபிட்டிங் ஷாப்பில் முதல் வருடம் நின்றவர்களுக்கும் இந்த வலி அந்நியமல்ல. ஆனால் பேனா பிடிக்க வந்தவன் அரம் பிடிப்பதா என்ற கூச்சத்தை அந்தப் பயிற்சி உடைத்தது. சாதியாலும் படிப்பாலும் கைவேலையைத் தாழ்த்திப் பார்த்துப் பழகிய சமூகத்திலிருந்து போனவர்களுக்கு, பாடத்தைவிட இதுவே பெரிய கல்வி.

சின்னச் சின்ன வழக்கங்களும் உண்டு. பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். இதற்குக் ‘கல்விக் கால்மணி’ என்றே பெயர். நேரம் தவறாத நாடு என்று கேள்விப்பட்டுப் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய் உட்கார்ந்தவர், காலி பெஞ்சுகளைப் பார்த்துத் திகைப்பார். வகுப்பு முடிந்தால் கைதட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். மத்தியானம் சூடான சாப்பாடு, ராத்திரி வெறும் ரொட்டியும் சீஸும். மென்சாவில் தட்டில் ஊற்றும் பருப்புச் சூப்பைத் தள்ளி நின்று பார்த்தால் சாம்பார் போலத் தெரியும். கிட்டப் போனால் அதில் ஒரு சாசேஜ் மிதக்கும்.

மாணவர்கள் கேட்டு வாங்கியவற்றில் இன்னொன்று பஸ் பாஸ். பருவம் முழுக்கச் செல்லும் ‘செமஸ்டர் டிக்கெட்’ 1991இல் முதலில் வந்தது அதே டார்ம்ஸ்டாட்டில்தான். எல்லா மாணவரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் எல்லாருக்கும் பயணம் மலிவாகும் என்பது கணக்கு. படிப்புக் கட்டணமும் சில மாநிலங்களில் வந்து, எதிர்ப்புக்குப் பின் 2014க்குள் நீங்கியது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்கத் தொடங்கியது.

2023-24 கல்வியாண்டில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் சுமார் 49,000 பேர். அயல்நாட்டு மாணவர்களில் இவர்களே அதிகம். கிளம்புவதற்கு முன்பே ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. சொந்தப் பணமாகவே இருந்தாலும் மாதம் இவ்வளவுதான் என்று இன்னொருவர் அளந்து கொடுக்கும் அந்த ஏற்பாட்டை லொமொனோசொவ் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஆகெனுக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் பெர்லினுக்கும் போன நம்மவர்கள் எத்தனையோ பேர். நீல நிற ஏர்மெயில் தாளில், மடிப்பு ஓரம் வரை நுணுக்கி நுணுக்கி, அறை வாடகை எவ்வளவு, முதல் பனி எப்போது விழுந்தது, ரசத்துக்குப் புளி இல்லாமல் என்ன செய்தேன் என்று வீட்டுக்கு எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் பரண்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் இருக்கின்றன; எழுதியவர்களில் பலர் இன்று இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். சென்னை ஐஐடியின் பாரம்பரிய மையத்திலோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். அதற்கு முன், ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்து, தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.