பரிசுக்கு உரியவர் யார்?



திருக்கோவலூரிலிருந்து ஆட்சி புரிந்த மலையமான் திருமுடிக்காரி பெரும் கொடையாளன். அவன் புகழ் கேட்டுப் பரிசில் வேண்டுவோர் நாற்றிசையிலிருந்தும் வந்தனர். வந்தவர் அனைவர்க்கும் அவன் வேறுபாடின்றி வாரி வழங்கினான். உலகம் அதனைப் போற்றியது. ஆயின், அவன் நண்பரும் புலவருமான கபிலர் போற்றவில்லை. பொருளைக் கொடுப்பது எளிய செயல் என்றும், பெறுவோரின் தகுதியை அறிவதே அரிய செயல் என்றும், ஆதலின் புலவர் எல்லாரையும் ஒரே பார்வையால் பார்ப்பதை விட்டுவிட வேண்டும் என்றும் அவர் அம்மன்னனுக்கு அறிவுறுத்தினார். இச்செய்தி புறநானூற்றில் உள்ளது. தகுதியை அளந்து அதற்கேற்பச் சிறப்புச் செய்வதை நம் முன்னோர் 'வரிசை அறிதல்' என்று வழங்கினர்.

கபிலர் சொன்னது புலவர்க்கு வழங்கும் பரிசில் பற்றியது. இன்று அதே வினா விளையாட்டுக் களத்தில் ஆண்டுதோறும் எழுகின்றது. இவ்வாண்டின் சிறந்த வீரர் யார்? இவ்விருது அவருக்குத் தகுமா, இவருக்குத் தகுமா? தேநீர்க் கடையில் தொடங்கும் இவ்வழக்கு சில வேளைகளில் உயர்நீதிமன்றம் வரை செல்கின்றது. இதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

என் ஊர் ஆலங்குடி. புதுக்கோட்டையை அடுத்த எங்கள் வட்டாரத்தில் தை மாதம் பிறந்துவிட்டால் ஏறு தழுவுதலைப் பற்றிய பேச்சே பெரும்பேச்சு. ஊருக்கு அண்மையிலுள்ள வன்னியன்விடுதி ஜல்லிக்கட்டு எங்கள் பக்கத்தார் அனைவரும் அறிந்தது. அங்கே பரிசுக்குரிய விதி வாடிவாசல் திறப்பதற்கு முன்பே எல்லார்க்கும் தெரியும். திமிலை மட்டுமே பற்ற வேண்டும். வாலையோ கொம்பையோ பிடித்தல் கூடாது. இருவர் ஒருசேரப் பிடித்தால் அப்பிடி செல்லாது. குறித்த எல்லை வரையிலோ, காளை மூன்று முறை துள்ளும் வரையிலோ கைந்நெகிழாமல் தழுவி நிற்பவனே வென்றவன். எவர்க்கும் பிடிபடாமல் ஓடிய காளையின் உரிமையாளர்க்குப் பரிசு. தீர்ப்பு ஆயிரம் கண்களுக்கு முன்னால், அக்கணமே ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகின்றது. அண்டாவோ கட்டிலோ மிதிவண்டியோ, பெற்றவன் தலைநிமிர்ந்து பெற்றுச் செல்கின்றான்.

அங்கும் வழக்கு இல்லாமலில்லை. ஒவ்வொரு பிடியையும் பற்றிய தீர்ப்பு எளிது. ஆட்டத்தின் முடிவில் சிறந்த வீரன் யார் என்னும் தீர்ப்பே கடினம். சாதுவான காளைகள் ஐந்தைப் பிடித்தவன் ஒருவன். அன்று எவரையும் அண்டவிடாத முரட்டுக் காளை ஒன்றைப் பிடித்தவன் மற்றொருவன். எண்ணிக்கையைப் பார்த்தால் முன்னவன் சிறந்தவன். அருமையைப் பார்த்தால் பின்னவன் சிறந்தவன். எண்ணிக்கையை யாவரும் ஒப்புவர். அருமையை அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. ஆகவே விழாக் குழுவினர் எண்ணிக்கையையே கொள்கின்றனர். உலகெங்கும் விருதுக் குழுக்கள் அடைகின்ற இடர்ப்பாடு அனைத்தும் இந்தச் சிறு களத்திலேயே அடங்கியுள்ளது.

இனிக் கடல் கடந்து ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். ரக்பி என்பது முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் பதிக்கும் ஆட்டம். அணிக்கு 15 பேர். இதற்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1870களில் கல்கத்தாவில் ஆங்கிலேயர் ரக்பிக் கழகம் ஒன்றை நடத்தினர். அது கலைக்கப்பட்டபோது, வங்கியில் எஞ்சியிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாகப் பெற்று, அவற்றை உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். நாகப்பாம்பு வடிவில் மூன்று கைப்பிடிகளும், மூடியின்மேல் யானையும் கொண்ட அக்கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் பொருது வருகின்றன. கல்கத்தாக் கோப்பை என்பதே இன்றும் அதன் பெயர்.

அக்கோப்பை யாருக்கு என்பதில் ஐயமில்லை. ஆட்டத்தில் மிகுதியான புள்ளி பெற்ற அணி எடுத்துச் செல்லும். ஆயின், 2001ஆம் ஆண்டு முதல் ரக்பியின் உலக அமைப்பு ஆண்டின் சிறந்த வீரர் என்று ஒருவரைத் தெரிந்தெடுத்து விருது வழங்கத் தொடங்கியது. முதல் விருது அயர்லாந்தின் கீத் வுட்டுக்குக் கிடைத்தது. நியூசிலாந்தின் ரிச்சி மெக்கா, டான் கார்ட்டர் ஆகிய இருவரும் தனித்தனியே மும்முறை பெற்றனர். அவர்களின் திறமையை மறுப்பார் இல்லை. எனினும் ஒன்று நோக்குக. முன்வரிசையின் இருபுறமும் நின்று, எதிரணியின் முழுப் பாரத்தையும் தோளில் தாங்குகின்ற வீரரை 'ப்ராப்' என்பர். முட்டுக்கால் என்பது அச்சொல்லின் பொருள். 2001 முதல் 2024 வரை இவ்விருது பெற்றவர்களுள் முட்டுக்காலாக நின்றவர் ஒருவரும் இல்லை. அவர் தாங்காவிடில் பின்னால் ஓடுபவர்க்குப் பந்து கிட்டாது. ஆனால் காண்போர் கண்கள் ஓடுபவரையே தொடர்கின்றன. விருதும் பெரும்பாலும் கண்கள் செல்லும் வழியே செல்கின்றது.

நம் நாட்டின் வரலாற்றுக்கு வருவோம். 1961ஆம் ஆண்டில் இந்திய அரசு அருச்சுனா விருதை ஏற்படுத்தியது. முதலாண்டிலேயே டென்னிஸ் ஆட்டத்துக்காக இராமநாதன் கிருஷ்ணனும், சதுரங்கத்துக்காக மானுவேல் ஆரோனும் அதனைப் பெற்றது தமிழ்நாட்டுக்குப் பெருமை. அதனினும் உயர்ந்த கேல் ரத்னா விருது 1991-92ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்றவர் விசுவநாதன் ஆனந்த். 2021 முதல் அவ்விருது ஹாக்கி மேதை தியான் சந்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பெருமையோடு பிணக்கும் வளர்ந்தது. 1958இல் கார்டிஃப் நகரில் காமன்வெல்த் தங்கம் வென்றவர் மில்கா சிங். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காம் இடம் பெற்றவர். அவர்க்கு 2001ஆம் ஆண்டில்தான் அருச்சுனா விருது அறிவிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, தகுதி வரிசை பாராமல் வருகின்ற சிறப்பு தமக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். கபிலர் மன்னனிடம் சொன்னதை இவ்வோட்ட வீரர் அரசாங்கத்திடம் சொன்னார்.

குழுவினரின் மனப்போக்குக்கு இடம் கொடுத்ததால்தான் குறை நேர்கின்றது என்று பலர் கருதினர். ஆகவே 2014ஆம் ஆண்டில் பதக்கங்களுக்குப் புள்ளி வகுத்து, அப்புள்ளிகளுக்கே பெரும்பங்கு அளிக்கும் முறை வந்தது. வழக்கு ஓய்ந்ததா? ஓயவில்லை. அவ்வாண்டிலேயே, 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற குத்துச்சண்டை வீரர் மனோஜ் குமார் தம் பெயர் விடுபட்டதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். பின்னர் அவர்க்கு அருச்சுனா விருது வழங்கப்பட்டது. மறு ஆண்டில் சானியா மிர்சாவுக்குக் கேல் ரத்னா அறிவிக்கப்பட்டது. 2012 லண்டன் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் வெள்ளி வென்ற கிரீஷா, புள்ளிக் கணக்கின்படி தாமே முற்பட்டவர் என்று கர்நாடக உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சானியாவோ அவ்வாண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர். உலகம் கொண்டாடிய அவ்வெற்றிக்கு அரசின் புள்ளி அட்டவணையில் இடமில்லை! அட்டவணையைப் பின்பற்றினால் ஒருவர்க்குக் குறை. அதனை விலக்கினால் மற்றவர்க்குக் குறை. எண்ணுக்கும் அருமைக்கும் இடையே எங்கள் வட்டாரக் களத்தில் எழும் அதே வழக்குத்தான் இது.

மாணவர்களே, இதுகாறும் சொன்னவை விருது கிடைக்காதவர் கதைகள். கிடைத்த பரிசு பறிக்கப்பட்ட கதை ஒன்று உண்டு. அது எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது.

கத்தக்குறிச்சி என்னும் சிற்றூரில் 1981இல் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கற்சூளையில் உழைத்தவர்கள். வறுமையோடு போராடிக்கொண்டே ஓடிப் பழகிய அப்பெண், 2005ஆம் ஆண்டு இஞ்சியோன் நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோகா நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டிலும் அதே ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களில் அவர் பாலினப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். அதில் அவர் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைத் திரும்பப் பெற்றனர். மருத்துவரும் அவரும் மட்டுமே அறிய வேண்டிய செய்தி உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் வெளியாயிற்று.

அவர் ஊக்கமருந்து உண்டார் என்று எவரும் சொல்லவில்லை. உடன் ஓடியவரைத் தடுத்தார் என்றும் எவரும் சொல்லவில்லை. பிறந்த உடலோடு, பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவர் அவர். அந்நாளில் முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதி, பதக்கம் பறிபோன பின்னரும் அவர்க்கு அரசின் சார்பில் 15 இலட்சம் ரூபாய் பரிசளித்தார். ஓட்டம் ஒன்று, தீர்ப்பு இரண்டு. ஓர் அமைப்பு பரிசைப் பறித்தது; ஓர் அரசு பரிசை அளித்தது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் கேட்டல் வேண்டும். பெண்களுக்கெனத் தனிப்போட்டி வகுத்ததே, உடல் வலிமையால் ஆண்களுக்கு இயல்பாக உள்ள மேம்பாடு பெண்களின் வெற்றியைக் கவர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்த பெண்களும் பல்லாண்டு பாடுபட்டவர்களே. அவர்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் இயற்கை மனித உடலை இரண்டே பெட்டிகளில் அடைத்து அனுப்புவதில்லை. எங்கே கோடு கிழிப்பது என்பதில் அறிஞர்களே இன்னும் உடன்படவில்லை. ஒடிசாவைச் சேர்ந்த துத்தீ சந்த் தொடுத்த வழக்கில், 2015 ஜூலையில் விளையாட்டுக்கான உலக நடுவர் நீதிமன்றம் அப்போதிருந்த விதியைச் சான்று போதாது என்று நிறுத்தி வைத்தது. 2018இல் வேறு விதி வந்தது. அதனை எதிர்த்த தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2019இல் தோற்றார். 2025 ஜூலையிலோ, அவர் வழக்கு முறையாக விசாரிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு செப்டம்பரில் மரபணுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. இருபதாண்டுகளுக்குள் கோடு இத்தனை முறை இடம் பெயர்ந்துள்ளது. கோடு இடம் பெயரலாம்; அறிவு வளர வளர அது இயல்பே. ஆனால் ஒரு நாள் கிழித்த கோட்டின்மேல் நின்றிருந்த ஒரு பெண்ணின் வாழ்வு அதன்பொருட்டுக் குலையலாமா?

சாந்தி பின்னர் மீண்டும் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. எனினும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. பெங்களூரில் பயிற்சியாளர்க்கான பட்டயப் படிப்பை முடித்து, தமிழ்நாட்டு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். தம் பதக்கத்தை இழந்தவர் பிறர் பிள்ளைகளைப் பதக்கத்துக்குத் தகுதியாக்கும் பணியை மேற்கொண்டார்.

இவ்வரலாறுகளிலிருந்து நான் கொள்ளும் முடிவு இது. பரிசுக்கு உரியவர் யார் என்பதில் எக்காலத்தும் கருத்து வேறுபாடு இருக்கும், இருப்பதில் தவறில்லை. ஆனால் பரிசளிப்போர் மூன்று கடமைகளிலிருந்து தப்ப முடியாது. அளவுகோல் இன்னதென்று போட்டிக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அளக்கப்படுபவரின் மறுமொழியை, அவர் மானம் கெடாத வகையில், தீர்ப்புக்கு முன் கேட்க வேண்டும். கோலே கோணலானது என்று பின்னர்த் தெரிந்தால், அதனால் இழந்தவர்க்கு ஈடு செய்ய வேண்டும். வன்னியன்விடுதிக் களத்தில் முதற்கடமை தவறாமல் நிறைவேறுகின்றது. தோகாவில் இரண்டாம் கடமை நிறைவேறவில்லை. மூன்றாம் கடமை சாந்தியின் வகையில் இன்னும் கடனாகவே நிற்கின்றது. 2006இல் எடுத்த பதக்கம் அவர் கைக்குத் திரும்பவில்லை.

உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆண்டுதோறும் விளையாட்டு விழா வரும். சிறந்த மாணவர் விருதுக்குப் பெயர் கேட்பார்கள். அப்போது ஓடி வென்றவனை மட்டும் பாராதீர்கள்; அவனுக்காகப் பாரம் தாங்கியவன் எங்கே நிற்கின்றான் என்றும் பாருங்கள். விதி என்ன என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் நண்பனுக்குத் தீங்கு நேர்ந்தால் மட்டுமன்று, உங்களோடு போட்டியிட்டவனுக்குத் தீங்கு நேர்ந்தாலும் எழுந்து கேளுங்கள். நாளை நீங்களே பரிசளிக்கும் நாற்காலியில் அமர்வீர்கள். அன்று உங்கள் முன்னால் கத்தக்குறிச்சி போன்ற ஒரு சிற்றூரிலிருந்து வந்த ஒரு பெண் நிற்கக்கூடும். அவரிடம் முதலில் பேசுங்கள்; பிறகு தீர்ப்பெழுதுங்கள்.