கல்லாவில் யார் உட்காருவது?

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, நீ கம்ப்யூட்டர்லதான இருக்கே?" என்றார். பொட்டி தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தெரியும். ஒன்று பிரிண்டர் ஓடாது, இல்லை சொந்தக்காரப் பையனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று வரும். அண்ணாச்சி கேட்டது வேறு.

"ஹோட்டலுக்கு பில் போடுற மெஷின் வாங்கணும். நாலு பேரு வந்து நாலு விதமாச் சொல்லிட்டுப் போயிருக்கானுவ. எதை எடுக்கன்னு நீதான் வந்து சொல்லணும்."

அண்ணாச்சிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். புனேக்கு வந்து இருபது வருஷமாகிறது. முதலில் வீட்டிலேயே மாவரைத்து தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தார், பிறகு சின்னதாக ஒரு மெஸ். இப்போது நாற்பது பேர் உட்காரும் ஹோட்டல். சேர்த்த காசும் மதினியின் நகையும் மொத்தமாக அதில் இறங்கியிருக்கிறது.

போய்ப் பார்த்தால் மேசை மேல் வழவழ தாளில் நாலு விளம்பரப் புத்தகம். நான் புரட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "களவு போகாம இருக்கணும் தம்பி. அது ஒண்ணுதான் எனக்கு முக்கியம்."

காரணம் இருந்தது. அவர் அப்பாவும் ஊரில் ஹோட்டல் வைத்திருந்தவர். முப்பது வருஷம் கல்லாவை விட்டு எழுந்திருக்காத மனுஷன். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய்விட்டு ஓடி வந்தாராம். அண்ணாச்சிக்கு அப்படி வாழ முடியாது. ஊரில் அம்மா படுத்த படுக்கை. மாதத்தில் பத்து நாளாவது போயாக வேண்டும். அந்தப் பத்து நாளும் கல்லாவில் மதினியின் தம்பி உட்காருவான். "நல்ல பையன்தான். ஆனாலும்..." என்று நிறுத்தினார்.

அந்த 'ஆனாலும்' அண்ணாச்சி கண்டுபிடித்ததல்ல. பில் மெஷின் என்ற சாமானே அந்த ஒரு வார்த்தையிலிருந்து பிறந்ததுதான். சுவாரசியமான கதை, சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்று ஒரு ஊர். அங்கே ஜேம்ஸ் ரிட்டி என்பவர் சாராயக்கடை நடத்திவந்தார். கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. வேலையாட்கள் வாங்குகிற பணத்தைத் தங்கள் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். மனம் நொந்து 1878-ல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். கப்பலின் இயந்திர அறையில், சுழலி எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக் காட்டும் கருவி ஒன்றைப் பார்த்தார். சுற்றை எண்ண முடிந்தால் காசை ஏன் எண்ண முடியாது? ஊர் திரும்பி, சகோதரர் ஜானுடன் சேர்ந்து ஒரு மெஷின் செய்தார். 1879 நவம்பர் 4 அன்று காப்புரிமை கிடைத்தது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் அழகு: லஞ்சம் வாங்காத காசாளர்!

முதல் மெஷினில் பணப்பெட்டியே கிடையாது. கடிகாரம் மாதிரி ஒரு முகப்பு, அதில் டாலரும் சென்டும் காட்டும் முள், அவ்வளவுதான். பிறகு வந்த ஒரு மாடல் காகிதச் சுருளில் ஓட்டை போட்டது. ராத்திரி முதலாளி உட்கார்ந்து ஓட்டைகளை எண்ணினால் அன்றைய வியாபாரம் தெரிந்துவிடும். பணப்பெட்டியும், பெட்டி திறந்தால் அடிக்கும் மணியும் பின்னால் சேர்ந்தவை.

இந்த மணியை யோசித்துப் பாருங்கள். மெஷினுக்குக் கண் கிடையாது. வாங்கிய காசை அடிக்காமலே பைக்குள் போட்டால் அதற்குத் தெரியாது. அதனால் காவலுக்கு வாடிக்கையாளரையே சேர்த்துக்கொண்டார்கள். தொகை பெரிய எழுத்தில் மேலே தெரியும், மணி அடிக்கும், கடைசியில் கையில் ரசீதும் வரும். மணி அடிக்கவில்லை என்றால் கடையில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

ரிட்டி பெரிய பணக்காரர் ஆகவில்லை. வியாபாரம் கைமாறி, 1884-ல் ஜான் பாட்டர்சன் என்பவர் அந்தக் கம்பெனியை 6,500 டாலருக்கு வாங்கினார். ஊரார் சிரித்த சிரிப்பில் மறுநாளே, "2,000 டாலர் தருகிறேன், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விற்றவரிடமே போய் நின்றார் என்று ஒரு கதை உண்டு. விற்றவர் மசியவில்லை. அந்தக் கம்பெனிதான் பின்னாளில் உலகம் முழுக்க வியாபாரம் செய்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர். 1906-ல் அங்கே மெஷினுக்கு மின்சார மோட்டார் வைத்தவர் சார்லஸ் கெட்டரிங். காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் செய்ததும் அவர்தான். அங்கே விற்பனையில் வளர்ந்த தாமஸ் வாட்சன் 1914-ல் வேறு கம்பெனிக்குப் போனார். 1924-ல் அதன் பெயர் ஐபிஎம் என்று மாறியது. ஆக, நானும் என்னைப் போன்றவர்களும் இன்று சாப்பிடும் சோற்றுக்கு அந்தச் சாராயக்கடைக் கல்லாவோடு கொஞ்சம் உறவு இருக்கிறது :)

ஹோட்டலுக்குத் தனி மெஷின் வந்தது பிறகுதான். 1974-ல் மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்காக வில்லியம் புரோபெக் கம்பெனி செய்தது, இன்டெல் 8008 சில்லு வைத்தது. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொத்தான், எத்தனை என்பதற்கு எண். 1986-ல் ஜீன் மோஷர் என்ற அமெரிக்க உணவகக்காரர், அடாரி 520எஸ்டி கம்ப்யூட்டரில் தொடுதிரை வைத்த பில் மென்பொருளைக் கொண்டுவந்தார். இன்று விரலால் தொட்டு 'மசாலா தோசை 2' என்று போடுகிறோமே, அந்த வழி அங்கே தொடங்கியது.

நம் ஊர் ஹோட்டலில் இதே வேலையை மனிதர்கள் செய்தார்கள். சப்ளையர் அடுக்களையைப் பார்த்து "ரெண்டு ரவா, ஒண்ணு முறுகல்!" என்று குரல் கொடுப்பார். ஆறு மேசைக் கணக்கும் அவர் தலைக்குள் இருக்கும். எழுந்திருக்கும்போது சின்னச் சீட்டில் எழுதி வைப்பார், கல்லாவில் கூட்டிக் காசு வாங்குவார்கள். இப்போது கே.ஓ.டி. என்று அடுக்களைக்குப் போகும் சீட்டு, அந்தக் குரலின் காகித வடிவம்தான்.

சரி, அண்ணாச்சி விஷயத்துக்கு வருவோம். நாலு பேரையும் வரச்சொல்லி, மெஷினை ஓடவிட்டு, நான் செய்த முதல் காரியம் நெட்டைப் பிடுங்கியது. ஒரு மெஷின் அப்படியே உறைந்து நின்றது. "இங்கெல்லாம் நெட் போகாது சார்" என்றார் கொண்டுவந்தவர். மழைக்காலத்தில் புனேயில் இருந்திருக்கிறாரா என்று தெரியவில்லை. அது முதலில் கழிந்தது.

இரண்டாவது, வரி. 2017 ஜூலை 1-க்கு முன்னால் பெரிய ஏசி ஹோட்டல் பில்லில் வாட், சேவை வரி, ஸ்வச் பாரத் செஸ், கிருஷி கல்யாண் செஸ் என்று வால் நீளும். ஜி.எஸ்.டி. வந்ததும் முதலில் ஏசிக்கு 18, ஏசி இல்லாவிட்டால் 12 சதவீதம். 2017 நவம்பர் 15 முதல் அண்ணாச்சி மாதிரிக் கடைக்கு 5 சதவீதம், ஆனால் வாங்கிய சாமானுக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. 2022 ஜனவரி 1 முதல் டெலிவரி ஆப் வழியாகப் போகும் சாப்பாட்டுக்கு வரியை அந்த ஆப் கம்பெனியே கட்ட வேண்டும். அந்த விற்பனையை மெஷின் தனியாகப் பிரிக்காவிட்டால் மாதக் கடைசியில் கணக்கு குழம்பும். இன்னொரு மெஷின் இதில் கழிந்தது.

மூன்றாவது, கணக்கு யாருடையது? ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கைத் தருவீர்களா என்று கேட்டேன். ஒருவர் பேச்சை மாற்றினார். மிஞ்சியது ஒன்று. அதற்கும் அடுக்களைக்கு ரிப்பன் போட்ட பிரிண்டர்தான் வேண்டும் என்று சொன்னேன். தெர்மல் தாள் தோசைக்கல் சூட்டில் கறுத்துவிடும்.

கடைசியில் களவு. இங்கே அண்ணாச்சிக்கு உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது. "அண்ணாச்சி, அடிச்ச பில்லை மட்டுந்தான் மெஷினுக்குத் தெரியும். அடிக்காததைத் தெரியாது. ரிட்டி காலத்திலிருந்து அப்படித்தான்." அதனால் சில ஏற்பாடுகள். கே.ஓ.டி. இல்லாமல் அடுக்களையிலிருந்து ஒரு வடை கூட வெளியே வராது. ஆளுக்கொரு ரகசிய எண். பில்லை கேன்சல் செய்தால் காரணம் எழுதவேண்டும். யுபிஐ-க்கு அந்தந்த பில் தொகையோடு க்யூஆர் பில்லிலேயே அச்சாகும். சுவரில் யாரும் தன் க்யூஆரை ஒட்டிவிட முடியாது. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி ஒன்று கல்லாவில். ரிட்டி மெஷினின் மணியேதான் அது, ரூபாய் கணக்கை வாய்விட்டுச் சொல்கிறது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மதினியின் தம்பியும் பக்கத்தில் நின்றிருந்தான். எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினேன். முடித்ததும் அவனே கேட்டான்: "அத்தான், அந்த ராத்திரி ரிப்போர்ட் எனக்கும் வரும்ல? நாளைக்குக் கணக்குல நூறு ரூவா குறைஞ்சா நான் எடுக்கலன்னு காட்ட எனக்கும் ஒண்ணு வேணும்லா."

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் உறைத்தது. திருடனைப் பிடிக்கத்தானே மெஷின் என்று நூறு வருஷக் கதை பேசிக்கொண்டிருந்தேன். திருடாதவனுக்கும் அது ஒரு சாட்சி என்பது, கல்லாவில் உட்காரப்போகிறவன் சொல்லித்தான் புரிந்தது. ரிப்போர்ட் இரண்டு பேர் போனுக்கும் போகிற மாதிரி வைத்தோம்.

போன வாரம் அண்ணாச்சி ஊரிலிருந்து பேசினார். "ராத்திரி பதினோரு மணிக்கு ரிப்போர்ட் வந்துது தம்பி. ரெண்டு கேன்சல். ஒண்ணு சாம்பார் புளிச்சிட்டுன்னு எழுதிருக்கான், ஒண்ணு சின்னப் பிள்ள தட்டிவிட்டுட்டுன்னு. பாத்துட்டு போனை அணைச்சிட்டேன். அம்மாகிட்ட உக்காந்து ரொம்ப நேரம் பேசிட்டிருந்தேன்."

வெளியூரில் ஹோட்டல் வைக்கப்போகும் நம்மவர்கள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை. மெஷின் வாங்குவதற்கு முன்னால் நெட்டைப் பிடுங்கிப் பாருங்கள். கல்லாவில் உட்காரப்போகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.